பஃபலோ: அவனுக்கு அந்த முகவரி எப்படிக் கிடைத்தது?

வைகைக்கரை:
வணக்கம் உறவுகளே. அக்கா மகனுக்கு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். முந்தாநாள் வந்த ஒரு சொந்தக்காரர், "அந்த ஊர்லதானே மளிகைக் கடைக்குள்ள புகுந்து கறுப்பு ஜனங்களைச் சுட்டான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "நம்ம புள்ளையும் கறுப்புத்தானேடா" என்கிறாள்.

அதனால் நானும் உட்கார்ந்து படித்தேன். 2022 மே 14, சனிக்கிழமை பிற்பகல். ஜெஃபர்சன் அவென்யூவில் இருக்கும் டாப்ஸ் அங்காடி. சுட்டவன் 18 வயது வெள்ளைக்காரன். வண்டி நிறுத்தும் இடத்திலேயே ஆரம்பித்துவிட்டான். 13 பேர் மீது குண்டு பாய்ந்தது, 10 பேர் செத்தார்கள். அந்தப் பத்துப் பேருமே கறுப்பினத்தவர்.

செய்திகளுக்குக் கீழே சண்டை மூன்று கட்சியாக நடக்கிறது. மூளைக் கோளாறு என்கிறது ஒன்று, துப்பாக்கிச் சட்டம் என்கிறது இன்னொன்று, இணையம் கெடுத்தது என்கிறது மூன்றாவது. அமெரிக்காவில் இருப்பவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எது காரணம்? அக்காவிடம் நான் என்ன சொல்ல?

மட்டுறுத்துநர்:
திரி தொடங்குமுன் ஒரு வார்த்தை. கொலைகாரர்களின் பெயர், படம், அவர்கள் எழுதிவைத்த அறிக்கை, அந்த வீடியோ, இவற்றில் எதைப் பகிர்ந்தாலும் நீக்கப்படும்.

கொங்குத்தறி:
நான் துப்பாக்கி என்றுதான் சொல்வேன். வெறுப்பு இல்லாத நாடு எது? வெறுப்பு பிடித்த 18 வயதுப் பையன் நம் ஊரிலும் இருப்பான். கல்லெறிவான், கட்டையைத் தூக்குவான். அவன் கையில் இரண்டு மூன்று நிமிடத்தில் பத்து உயிரை எடுக்கும் கருவி இருக்காது. அமெரிக்காவில் 1994இல் இந்த மாதிரித் துப்பாக்கிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. 2004இல் அது காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. இந்தப் பையன் துப்பாக்கியைத் திருடவில்லை, உரிமம் உள்ள கடையில் காசு கொடுத்து, சோதனையில் தேறி வாங்கினான். நியூயார்க் மாநிலத்தில் அதிகக் குண்டு கொள்ளும் மேகசின் (குண்டுகளை அடைத்துத் துப்பாக்கியில் செருகும் பெட்டி) வைத்திருக்கக் கூடாது. வாங்கிய பிறகு அதையும் பொருத்துகிற மாதிரி மாற்றிக்கொண்டான்.

நியூசிலாந்தைப் பாருங்கள். கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 2019 மார்ச் 15 அன்று 51 பேரைக் கொன்றான் ஒருவன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 10இல் நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற கணக்கில் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. மனசு இருந்தால் நடக்கிற காரியம்தான்.

தெற்கத்திக்காரன்:
சட்டம் எல்லாம் சரி சகோ. ஆனா 18 வயசுப் பையன், முன்னப்பின்ன தெரியாத கிழவிகளைப் போய்ச் சுடுறான்னா அவன் மனசு நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது? முந்தின வருஷம் பள்ளிக்கூடத்துல "படிச்சு முடிச்சு என்ன பண்ணப் போறே"ன்னு கேட்டதுக்கு, கொலை பண்ணிட்டுத் தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு எழுதியிருக்கான். போலீஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு. அப்பவே பிடிச்சு வைத்தியம் பார்த்திருந்தா இது நடந்திருக்காதுங்கிறதுதான் என் எண்ணம்.

இரவுப்பணி:
தெற்கத்திக்காரன் தம்பி, கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் மனநலப் பிரிவில் 19 வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். ஒவ்வொரு முறை இப்படி நடக்கும்போதும் "மனநோயாளி" என்ற சொல் முதலில் வந்து விழுகிறது. அந்த வாரம் என் வார்டுக்கு வரும் அம்மாக்கள் மகனைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். என்னிடம் வரும் பிள்ளைகள் அடி வாங்கி வருபவர்கள். பேருந்து நிலையத்தில் அடித்திருப்பார்கள், பக்கத்து வீட்டில் கட்டி வைத்திருப்பார்கள். அடிக்கப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். மார்ச் மாதமே ஒருமுறை அந்தக் கடைக்கு வந்தான். உள்ளே எத்தனை கறுப்பினத்தவர், எத்தனை வெள்ளையர் என்று எண்ணிக் குறித்துக்கொண்டான். கடைக்குள் எந்த வரிசை எங்கே என்று படம் வரைந்தான். காவலர் ஒருவர் என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, ஏதோ கணக்கெடுப்பு என்று சொல்லித் தப்பினான். கொலை நடந்த அன்று கல்லாவுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்த ஒரு வெள்ளையர் பக்கம் துப்பாக்கி திரும்பியது. "சாரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். சித்தம் கலங்கியவன் நிறம் பார்த்து மன்னிப்புக் கேட்பானா?

2015இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பினத்தவரின் இமானுவேல் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனும் இப்படித்தான். வேதபாடம் படிக்க வந்தவன் என்று நினைத்து அவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்துவிட்டுச் சுட்டான். தன் மனநிலையில் ஒரு குறையும் இல்லை என்று நீதிமன்றத்தில் அவன் வாயாலேயே சொன்னான். அவன் பேச்சையாவது நம்புங்கள், என் நோயாளிகளை விட்டுவிடுங்கள்.

தெற்கத்திக்காரன்:
அந்த "சாரி" விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. படிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன். நோயாளிகளைச் சொன்னது தப்புதான்.

ஆனா ஒண்ணு கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் கையில அடுத்த வருஷமே எப்படித் துப்பாக்கி வந்துச்சு?

கொங்குத்தறி:
அதற்குச் சட்டம் இருந்தது தம்பி. ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற உத்தரவு பெற்று, துப்பாக்கி வாங்க விடாமல் தடுக்கலாம். ரெட் ஃப்ளாக் சட்டம் என்பார்கள். அவன் விஷயத்தில் யாரும் அதைக் கேட்டுப் போகவில்லை. பள்ளியில் எழுதியது விளையாட்டுக்கு என்று சொன்னான், அனுப்பிவிட்டார்கள். கொலைக்குப் பிறகுதான், இப்படிப்பட்ட நேரத்தில் போலீஸ் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்று மாநிலம் விதியை மாற்றியது. அரைத் தானியங்கித் துப்பாக்கி வாங்கும் வயதையும் 21 ஆக்கினார்கள்.

டல்லாஸ்_முருகு:
வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 14 வருடமாக இருக்கிறேன். வீட்டில் பாதுகாப்புப் பெட்டிக்குள் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். இரவு வேலைக்குப் போகும் மனைவி கேட்டதால் வாங்கியது. துப்பாக்கி வைத்திருப்பவன் எல்லாம் கொலைகாரன் என்ற பேச்சு எனக்கு வலிக்கிறது. கெட்டவன் வரும்போது நல்லவன் கையில் ஆயுதம் இருந்தால் தடுக்கலாம் என்று இங்கே சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கொங்குத்தறி:
முருகு அண்ணா, பஃபலோவில் நல்லவர் கையில் ஆயுதம் இருந்தது. ஆரன் சால்ட்டர். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அந்தக் கடையின் காவலர். அவர் சுட்டார், குண்டு அவன் மேல் பட்டது. ஆனால் அவன் போட்டிருந்த கவசத்தைத் துளைக்கவில்லை. திருப்பிச் சுட்டு அவரைக் கொன்றான்.

இன்னொரு கொடுமை. கொலைக்குப் பிறகு கவச உடை விற்பனைக்குத் தடை என்று மாநிலம் அவசரமாகச் சட்டம் போட்டது. பார்த்தால், அவன் போட்டிருந்த தகடு வைத்த கவசம் அந்தச் சட்டத்தின் சொற்களுக்குள் வரவில்லை. பிறகு திருத்தினார்கள்.

டல்லாஸ்_முருகு:
சால்ட்டர் பற்றித் தெரியும் தம்பி. அவரை நினைத்துத்தான் "சொல்லியிருக்கிறேன்" என்று எழுதினேன், "சொல்கிறேன்" என்று எழுதவில்லை.

வைகைக்கரை கேட்ட கேள்விக்கு என்னால் ஒன்றுதான் சொல்ல முடியும். 2019 ஆகஸ்ட் 3, எல் பாசோ வால்மார்ட். 23 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். "டெக்சாஸுக்குள் ஹிஸ்பானியர் படையெடுப்பு" என்று எழுதிவைத்துவிட்டுப் போனான். ஹிஸ்பானியர் என்றால் ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வழியினர். அவன் எங்கள் டல்லாஸ் பக்கத்து ஆலன் ஊர்க்காரன். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். ஆலனிலிருந்து எல் பாசோவுக்கு 1000 கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சாலையில் குடும்பத்தோடு போயிருக்கிறேன். மிட்லாண்ட், ஒடெஸா தாண்டினால் வெறும் கட்டாந்தரை, எண்ணெய் எடுக்கும் கிணறுகள் தலையாட்டிக்கொண்டே இருக்கும். பின்சீட்டில் பிள்ளைகள் "எப்ப வரும் எப்ப வரும்" என்று நச்சரித்தார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். வழியில் பெட்ரோல் போட வேண்டும், சாப்பிட வேண்டும். எந்த இடத்திலும் அவன் திரும்பியிருக்கலாம். ஆத்திரத்தில் செய்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சாலைதான் ஞாபகம் வரும்.

ஆலனில் ஹிஸ்பானியர் இல்லையா? இருக்கிறார்கள். அவன் கூட்டமாகத் தேடிப் போனான்.

(அதே ஆலனில் 2023 மே 6 அன்று ஒரு மாலில் 8 பேரைச் சுட்டுக் கொன்றவன் உடம்பில் நாஜி சின்னங்களைப் பச்சை குத்தியிருந்தான். செத்தவர்களில் ஒரு தெலுங்குப் பெண்ணும் உண்டு. அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.)

ஏரிக்கரை:
முருகு அண்ணா எழுதிய கடைசி வரியைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது. நான் பஃபலோவுக்குப் பக்கத்தில் ஆம்ஹர்ஸ்ட்டில் இருக்கிறேன். 2011இல் மாணவியாக வந்தேன்.

வந்த முதல் வாரம் சீனியர்கள் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். நகரத்துக்கு நடுவே மெயின் ஸ்ட்ரீட் ஓடுகிறது. "இதுக்குக் கிழக்கே போகாதே. வீடு பார்க்காதே. பஸ்ஸுல தூங்கிட்டு அங்க இறங்கிடாதே." அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னை விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போய், சமைத்துப்போட்டு, போர்வை கொடுத்தவர்கள். அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்கள் சொன்னது. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நானும் சொன்னேன்.

11 வருடம் நான் ஜெஃபர்சன் அவென்யூவைப் பார்த்ததே இல்லை. என் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம்.

அவன் எங்கிருந்து வந்தான் தெரியுமா? காங்க்ளின் என்ற சிற்றூர். 300 கிலோமீட்டருக்கு மேல். மூன்று மணி நேரத்துக்கும் கூடுதலான பயணம். கறுப்பினத்தவர் எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் அதிகம் என்று இணையத்தில் தேடினான். மக்கள்தொகைக் கணக்கு அவனுக்கு இடத்தைக் காட்டியது. அத்தனை பேரும் ஒரே கடைக்கு வருவார்கள் என்பதும் தெரிந்தது. ஏன் ஒரே கடை? அந்தப் பகுதிக்கு இருந்ததே அந்த ஒரு பெரிய அங்காடிதான். அதுவும் சும்மா வரவில்லை. வருடக்கணக்கில் மக்கள் கேட்டுக் கேட்டு 2003இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் நல்ல காய்கறி வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும் என்று அங்கே ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்.

மக்கள் ஏன் அங்கேயே நெருங்கிக் கிடக்கிறார்கள்? 1930களில் அரசாங்கமே வரைபடம் போட்டது. கறுப்பினத்தவர் வாழும் தெருக்களுக்குச் சிவப்பு மை அடித்தது. அந்தத் தெருவில் வீட்டுக் கடன் கிடையாது. வேறு தெருவில் அவர்களுக்கு வீடே கிடையாது. ஹம்போல்ட் பார்க்வே என்று மரங்கள் அடர்ந்த ஓர் அழகான சாலை இருந்தது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட் போட்டது. 1960களில் மரங்களை வெட்டி, அங்கே பள்ளம் தோண்டி, கென்சிங்டன் விரைவுச்சாலையை விட்டார்கள். புறநகர் ஆட்கள் வேலைக்குச் சீக்கிரம் போக. அதே சாலையில்தான் நானும் தினமும் வேலைக்குப் போனேன். பள்ளத்துக்குள் போவதால் இரண்டு பக்கமும் சுவர்தான் தெரியும், வீடுகள் தெரியாது. மேலே இருந்தவர்களுக்கு எங்கள் புகைதான் மிச்சம்.

மனநோயா, துப்பாக்கியா, இணையமா என்று கேட்கிறீர்கள். கொங்குத்தறி சொல்வதை நான் மறுக்கவில்லை, துப்பாக்கி இல்லாவிட்டால் அந்தப் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அவனுக்கு அந்த முகவரி எப்படிக் கிடைத்தது என்பதை யாரும் கேட்பதில்லை. தொண்ணூறு வருடமாக ஒரு ஊரே சேர்ந்து எழுதி வைத்த முகவரி அது. அவன் அதைப் படித்துத் தெரிந்துகொண்டான். அந்த எழுத்தில் நானும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், "கிழக்கே போகாதே" என்று.

இரவுப்பணி:
ஏரிக்கரை, இதை எழுத எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று தெரிகிறது அம்மா.

நடுநிசி_வாசகன்:
இணையத்தையும் விட்டுவிடக் கூடாது. கோவிட் முடக்கத்தில் பொழுது போகாமல் ஃபோர்சான் என்ற, பெயர் சொல்லாமலே யாரும் எழுதக்கூடிய தளத்துக்குப் போக ஆரம்பித்தேன் என்று அவனே எழுதியிருக்கிறான். அங்கேதான் "வெள்ளையர்களை ஒழித்துவிட்டு மற்றவர்களைக் குடியேற்றச் சதி நடக்கிறது" என்ற கதையைப் பிடித்துக்கொண்டான். கிரேட் ரீப்ளேஸ்மென்ட் என்று அதற்குப் பெயர். கிரைஸ்ட்சர்ச் கொலைகாரன் தன் அறிக்கைக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தான். எல் பாசோக்காரன் அவனைப் பாராட்டி எழுதினான். பஃபலோக்காரன் அந்தக் கிரைஸ்ட்சர்ச்காரன் எழுதியதைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து 180 பக்கம் ஆக்கினான். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற மாதிரி.

சுடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டியதும் கிரைஸ்ட்சர்ச்காரனிடமிருந்து கற்றதுதான். ட்விட்ச் என்ற நேரலைத் தளம் இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டது. அதற்குள் எவனோ பதிவு செய்து வேறு தளத்தில் ஏற்ற, பல லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். எங்கள் கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. நான் திறந்தேன். சில விநாடிதான் பார்த்தேன். ஒரு தள்ளுவண்டி, அதில் பை. இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தப் பார்வைக் கணக்கில் என்னுடையதும் ஒன்று என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதானே.

நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டன், கிரைஸ்ட்சர்ச் கொலைகாரனின் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். மட்டுறுத்துநர் இங்கே போட்ட விதி சரியான விதி.

கரும்பலகை:
மாற்றுக் கருத்து ஒன்று. அமெரிக்காவில் 2022இல் மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. இனவெறிப் படுகொலையில் சாகிறவர்கள் அதில் மிகச் சிறிய பங்கு. பயத்தைப் பெருக்குகிறோமோ என்று தோன்றுகிறது. வைகைக்கரையின் அக்காவுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இரவுப்பணி:
கணக்கு சரிதான் ஐயா. ஆனால் அந்தப் பத்துப் பேரோடு அது முடியவில்லையே. 2012 ஆகஸ்ட் 5, விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாரா. ஞாயிற்றுக்கிழமை, லங்கருக்கு (குருத்வாராவில் எல்லாருக்கும் போடும் இலவசச் சாப்பாட்டுக்கு) சமையல் நடந்துகொண்டிருந்தது. வெள்ளை இனவெறியன் ஒருவன் வந்து சுட்டான். 6 பேர் அன்றே இறந்தார்கள். தலையில் குண்டு பட்ட ஒருவர் ஏழரை ஆண்டு அசைவில்லாமல் படுக்கையிலேயே கிடந்து 2020இல் போனார். இவரை எந்த வருடக் கணக்கில் சேர்ப்பார்கள்? அன்றைக்கு அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு சீக்கியத் தாயும் மகனுக்குத் தலைப்பாகை கட்டும்போது கை நடுங்கியிருக்கும். அந்த நடுக்கத்தை உண்டாக்கத்தானே சுட்டான்?

கரும்பலகை:
ஏற்றுக்கொள்கிறேன். எண்ணிக்கையை வைத்து மட்டும் பேசியிருக்கக் கூடாது.

வைகைக்கரை:
எல்லாவற்றையும் அக்காவுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். "செத்தவங்க யாரு, எவருமே சொல்லலையே" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏரிக்கரை:
சொல்கிறேன் அண்ணா. பெயர் வேண்டாம், ஆட்களைச் சொல்கிறேன்.

86 வயது அம்மா ஒருவர். முதியோர் இல்லத்தில் இருந்த கணவரைத் தினமும் போய்ப் பார்த்துத் துணிமணி சரிசெய்து வருவார். அன்றும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கடைக்கு வந்தார். மகனுக்குப் பிறந்தநாள் கேக் வாங்க வந்த அப்பா ஒருவர். 72 வயதுப் பெண்மணி ஒருவர், துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று முந்தின வருடம்தான் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார். தேவாலயத்தில் தொண்டு செய்த 67 வயதுக்காரர் ஒருவர். கார் இல்லாதவர்களின் பைகளைத் தூக்கி வைத்து, வீடுவரை கொண்டுபோய் விடுவது அவர் வழக்கம். வண்டி நிறுத்தும் இடத்திலேயே இறந்தார்.

அந்த 86 வயது அம்மாவின் மகன் கார்னல் விட்ஃபீல்ட், பஃபலோ தீயணைப்புத் துறையின் முன்னாள் ஆணையர். ஜூன் மாதம் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றால் பதவியை விட்டு இறங்குங்கள் என்று சொன்னார். கடையில் வேலை செய்த 20 வயதுப் பையன் ஒருவன் கழுத்தில் குண்டு பட்டுப் பிழைத்தான். அவன் அம்மா ஸெனீட்டா எவர்ஹார்ட் மறுநாள் பிரதிநிதிகள் சபைக் குழுவிடம் பேசினார். மகனின் புண்களைத் தான் துடைத்துவிடுவதை விவரித்து, வந்து நீங்களும் துடைக்க உதவுங்கள் என்று கூப்பிட்டார். இப்போது நகர மன்றத்தில் உறுப்பினராக இருக்கிறார்.

அவனுக்கு 2023 பிப்ரவரியில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மத்திய அரசு தனியாக வழக்குப் போட்டு, மரண தண்டனை கேட்கப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. இங்கே அதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. அந்த நாளைப் பெயர் சொல்லாமல் "ஃபைவ் ஃபோர்ட்டீன்" (5/14, அதாவது மே 14) என்றுதான் சொல்கிறார்கள்.

கடையை ஜூலையிலேயே திறந்துவிட்டார்கள். ரத்தம் சிந்திய இடத்தில் எப்படி ரொட்டி வாங்குவது என்று சிலர் உள்ளே வரவே இல்லை. மூடியிருந்த இரண்டு மாதமும் பால் வாங்கவே வேறு பகுதிக்குப் போனோமே, திறக்கட்டும் என்றார்கள் சிலர். இரண்டு பேச்சையும் ஒரே வீட்டில் கேட்டிருக்கிறேன். நாங்கள் நாலைந்து குடும்பம் அரிசி, எண்ணெய் எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில்தான் முதல்முறை மெயின் ஸ்ட்ரீட்டைத் தாண்டினோம்.

இப்போது வாரம் ஒருமுறை அங்கேதான் காய் வாங்குகிறேன். நுழைவாசலில் நினைவிடம் வைத்திருக்கிறார்கள், ஒரு கவிதை, பக்கத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். போன மாதம் கொலார்ட் கீரையைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டு நின்றேன். முட்டைக்கோஸ் மேலிலை மாதிரி தடியாக இருக்கும். பக்கத்தில் நின்ற அம்மா என் கையிலிருந்து வாங்கி, நடு நரம்பைச் சரக்கென்று கிழித்துக் காட்டி, "இதை எடுத்துடு, இல்லன்னா வேகாது, நிறைய நேரம் வேகவிடு" என்றார். நான் தேங்காய் போட்டுப் பொரியல் செய்வேன் என்றேன். தேங்காயா என்று சிரித்தார்.

அக்காவிடம் சொல்லுங்கள், தம்பி வரும்போது விமான நிலையத்திலிருந்து நான் போய் அழைத்து வருகிறேன். வரைபடம் ஒன்றும் விரித்துக் காட்ட மாட்டேன். முதல் சனிக்கிழமை அவனை ஜெஃபர்சன் அவென்யூ டாப்ஸுக்குக் கூட்டிப் போகிறேன்.

வைகைக்கரை:
வாசித்துக் காட்டினேன் அம்மா. அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணு வீட்ல தேங்காய் துருவ அருவாமனை இருக்கான்னு கேளு, இல்லைன்னா இவன்கிட்ட ஒண்ணு கொடுத்து விடறேன்" என்றாள்.

ஏரிக்கரை:
இல்லை அண்ணா. கொடுத்து விடச் சொல்லுங்கள். கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள்.